முன்வரிசை நாற்காலிகள்

ஆம்பூர்
2.12.2024

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

நலம். நீயும் சத்துவாச்சாரியில் நலமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

என் நம்பரை நீ பிளாக் செய்து இரண்டரை வருஷம் ஆகிறது. அதனால்தான் தபால். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு கையால் எழுதும் முதல் கடிதம் இதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பொறுத்துக்கொள்வது உனக்குப் பழக்கமில்லை, இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டம்மாள் மஹாலைப் புதுப்பிக்கிறேன். அம்மா பெயரில் அப்பா அந்த மண்டபத்தைக் கட்டி இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. ஏ.சி. கிடையாது, மேல்மாடி ஒழுகுகிறது, கை கழுவப் போனால் செருப்பு ஊறிப்போகிறது. பைபாஸ் பக்கம் புது மண்டபம் வந்ததிலிருந்து, கல்யாணம் பேச வருகிறவர்கள் நம் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு காண்டிராக்டரை வைத்தேன். பழைய டைல்ஸை உடைத்துப் போட்டுவிட்டுத் திருப்பத்தூர் போனவன் போனவன்தான்.

எதிர்வீட்டு அக்தரி பேகம் அக்கா, மகள் வஜீதாவின் நிக்காஹை ஏப்ரல் 13-ஆம் தேதி நம் மண்டபத்தில்தான் வைப்பேன் என்கிறார். ஆனால், "பூர்ணிமா நின்னு பாத்துச் செஞ்சா சொல்லு புகழ். உன்னை நம்பி நான் பத்திரிகை அடிக்க மாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். வேலூரில் நீ இரண்டு ஹோட்டல்களைப் புதுப்பித்துக் கொடுத்த கதையை எனக்கே சொல்கிறார்.

எனக்காக வர வேண்டாம். உன் தோஸ்துக்காக வா.

இன்னமும் உன் கணவன்,
புகழேந்தி

*

சத்துவாச்சாரி
6.12.2024

திரு. புகழேந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. 'இன்னமும் உன் கணவன்' என்று இன்னொரு தடவை கையெழுத்துப் போட்டால் அதற்கடுத்த கடிதத்தைத் தபால்காரரிடமிருந்து வாங்க மாட்டேன்.

வேலையை ஏற்றுக்கொள்கிறேன், அக்தரி அக்காவுக்காக. கல்யாணமாகி வந்த புதிதில் உங்கள் வீட்டில் ஒருவரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத மூன்று மாதமும் நான் அவர் வீட்டுச் சமையல்கட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு அது தெரியாது. நீங்கள் கேட்கவில்லை.

ஆம்பூரில் ஒரு மண்டபத்துக்கு வருஷத்தில் இரண்டு தடவைதான் மூச்சு விட நேரம் கிடைக்கும். மார்கழியில் நம் ஆட்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள், ரமலானில் அவர்கள் வைக்க மாட்டார்கள். மார்கழியில் கீழே சாப்பாட்டு ஹால், சமையல்கட்டு, கழிப்பறை மூன்றையும் முடிக்கிறேன். மார்ச் மாதம் நோன்பு தொடங்கியதும் மேலே கூரை, ஏ.சி., மேடை, இருக்கைகள். நடுவில் தை, மாசியில் நீங்கள் கல்யாணம் நடத்திக்கொள்ளலாம்.

செவ்வாய், வெள்ளி வருவேன். எதுவானாலும் எழுத்தில் வேண்டும். வாயால் பேசினால் நாளைக்கு அப்படிச் சொல்லவே இல்லை என்பீர்கள், பதினான்கு வருஷம் பார்த்தாயிற்று. நான் மாதிரி பார்த்துக் கையெழுத்துப் போடாத ஒரு ஆணிகூட உள்ளே வரக் கூடாது. என் ஆட்களுக்கு நீங்கள் வேலை சொல்லக் கூடாது. எனக்காகச் சாப்பாடு வாங்கி வைக்க வேண்டாம், டிபன் பாக்ஸ் கொண்டுவருவேன்.

பூர்ணிமா

*

ஆம்பூர்
8.1.2025

பொறியாளர் அம்மாவுக்கு,

வணக்கம். மண்டபம் என்னுடையதா, உங்களுடையதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பக்கவாட்டுப் படிக்கட்டுக்கு முன்னால் இருந்த சுவரை நான் இடிக்கச் சொன்னேன். வாசலில் நுழைந்ததும் விசாலமாக இருக்கும், ஜனங்கள் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பைபாஸ் மண்டபத்தில் அப்படித்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை நீ வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், அதே இடத்தில் அதே சுவரை மறுபடி எழுப்பிவிட்டுப் போயிருக்கிறாய். கொத்தனார் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "இன்னா சார், காலையில இடிக்கச் சொல்றீங்க, மத்தியானம் மேடம் கட்டச் சொல்றாங்க, நாங்க யார் பேச்சைக் கேக்குறது?" என்கிறார். என் இடத்தில் எனக்கு இந்த மரியாதை.

சமையல்கட்டில் முழுக்க கேஸ் அடுப்பு போடலாம் என்று பார்த்தால், பின்பக்கம் விறகு அடுப்புக்குத் தனியாகத் தகரக் கூரை போட்டு, புகை போக வழி வைத்து, பிரியாணி மாஸ்டர் ஆமிர் பாய்க்கு மாளிகையே கட்டியிருக்கிறாய். அவருக்கு உன்மேல் ஒரே பாசம். என்னைக் கண்டால் சலாம்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை சாப்பாடு வாங்கி வைத்திருந்தேன். தொடாமல் போனாய். அந்தத் திமிர் மட்டும் கொஞ்சமும் கம்மியாகவில்லை.

புகழேந்தி

*

சத்துவாச்சாரி
11.1.2025

திரு. புகழேந்தி அவர்களுக்கு,

நீங்கள் இடித்த சுவர் வழியை மறைக்கும் சுவர். நிக்காஹ் நடக்கும்போது பெண்கள் அந்தப் படிக்கட்டு வழியாகத்தான் தங்கள் ஹாலுக்கும் தங்கள் பந்திக்கும் போகிறார்கள். ஆண்கள் கண்ணில் படாமல் போக அந்த ஒரு சுவர்தான் இருக்கிறது. உங்கள் அப்பா யோசித்துக் கட்டியது. இருபது வருஷமாக மண்டபம் நடத்துகிறீர்கள், வருஷத்துக்கு நாற்பது நிக்காஹ் பார்க்கிறீர்கள், வாசலில் நின்று பன்னீர் தெளிக்கிறீர்கள். பெண்கள் எந்தப் பக்கமாகப் போகிறார்கள் என்று ஒரு நாள் திரும்பிப் பார்த்ததில்லையா?

விறகு அடுப்பு இல்லாத மண்டபத்துக்கு ஆம்பூரில் எந்த மாஸ்டர் வருவார்? தம் போட்டு மூடி மேல் கங்கு அள்ளிப் போட வேண்டும். கேஸில் கங்கு எங்கிருந்து வரும்? ஆமிர் பாயிடம் நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுத்தான் வரைந்தேன். நீங்கள் கேட்டிருந்தால் உங்களுக்கும் சலாம் வைத்திருப்பார்.

என் ஆட்களுக்கு வேலை சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தேன். இது முதல் தடவை. இரண்டாவது தடவை நான் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். மிச்சத்தை நீங்களும் கொத்தனாரும் இடித்துக் கட்டி விளையாடலாம்.

பிரியாணி நன்றாக இருந்தது என்று மேஸ்திரி சொன்னார். அவர்தான் சாப்பிட்டார்.

பூர்ணிமா

*

ஆம்பூர்
12.3.2025

பூர்ணிமாவுக்கு,

டைபாய்டு என்று மேஸ்திரி சொன்னார். பன்னிரண்டு நாள் எழுந்திருக்கவில்லையாமே. பார்க்க வரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை. கஞ்சி குடி. வெளியில் எதையும் வாங்கிச் சாப்பிடாதே.

ஒரு சந்தோஷச் செய்தி. நீ படுத்திருந்த நேரத்தில் வேலை நிற்கக் கூடாது என்று இருக்கைகளை நானே முடித்துவிட்டேன். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனி ஸ்டோரில் என்னோடு படித்த செந்தில்குமார் இருக்கிறான் அல்லவா, எக்ஸ்போர்ட்டுக்கு வந்து மிஞ்சிய தோல் கட்டுக்கட்டாக இருக்கிறது, எடுத்துக்கொள் என்றான். அசல் தோல். வெண்ணெய் மாதிரி இருக்கிறது. முன்வரிசை நாற்காலி அறுபதுக்கும் மேடை சோபா இரண்டுக்கும் தைத்துப் போட்டாயிற்று. பைபாஸ்காரன் ரெக்சின்தான் போட்டிருக்கிறான். தோல் ஊரில் இருந்துகொண்டு ரெக்சின்!

நீ இல்லாமலும் எனக்கு ஒரு வேலை செய்யத் தெரியும். வெள்ளிக்கிழமை வந்து பார்.

புகழ்

*

சத்துவாச்சாரி
15.3.2025

திரு. புகழேந்தி அவர்களுக்கு,

நேற்று வந்து பார்த்தேன். நாற்காலியைத் தடவிப் பார்த்ததும் வெளிச்சத்துக்கு இழுத்துக் குனிந்து பார்த்தேன். காய்ச்சலில் கண் மங்கியிருக்கிறது என்று முதலில் நினைத்தேன்.

டிப்ளமோ படிக்கும்போது இரண்டு லீவில் நான் ஷூ கம்பெனியில் லைனிங் செக்கிங் பார்த்தவள். எந்தத் தோல் எது என்று எனக்குத் தெரியும். மாட்டுத் தோலில் துளைகள் ஒரே சீராக இருக்கும். ஆட்டுத் தோலில் வரிசையாக ஓடும். இதில் மூன்று மூன்றாக, முக்கோணமாக இருக்கின்றன. இது பன்றித் தோல். வெளிநாட்டு ஷூவின் உள்பக்கத்துக்காக வெளியிலிருந்து வரும் லைனிங். ஆம்பூரில் தையல் மெஷினில் உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அந்தப் பெண்களில் பாதிப் பேர் வஜீதாவின் நிக்காஹுக்கு வரப்போகிறார்கள்.

அதில்தான் மாப்பிள்ளை உட்காரப் போகிறான். ஹஜ்ரத் உட்கார்ந்து நிக்காஹ் ஓதப் போகிறார். தொழுதுவிட்டு வந்த பெரியவர்கள் சாய்ந்து உட்காரப் போகிறார்கள். தோலிலேயே பிறந்து வளர்ந்த ஊரில், பன்றித் தோல் போட்டு நிக்காஹ் மேடை செய்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

இதில் என் தப்பும் இருக்கிறது. வந்த சாமான் பட்டியலை மேஸ்திரி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது படுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். 'இருக்கைக்குத் தோல், 62' என்று எழுதியிருந்தது. மாதிரி எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். இது என்ன தோல் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

பூர்ணிமா

*

ஆம்பூர்
18.3.2025

பூர்ணிமா,

வாங்கும்போது தெரியாது. அம்மாமேல் சத்தியம். தைக்க வந்தவன் மூன்றாவது நாள், "அண்ணே, இது பிக் லைனிங், தெரிஞ்சுதான் போடுறீங்களா?" என்றான். அப்போது பாதிக்குமேல் தைத்து முடித்துவிட்டான். செந்தில்குமாருக்குப் போன் செய்தேன். "நான் லைனிங்னுதானே சொன்னேன், நீ எதுக்குன்னு கேக்கலையே" என்கிறான். பேஜார் ஆகிவிட்டது எனக்கு. இரண்டு நாள் தூங்கவில்லை.

ஆனால் யோசித்துப் பார். இப்போது சொன்னால் என்ன ஆகும்? அக்தரி அக்காவோடு போகாது. ஆம்பூர் முழுக்கப் பரவும். நம் மண்டபத்தில் நடப்பதில் பாதிக்கு மேல் அவர்கள் கல்யாணம். 'பன்றித் தோல் மண்டபம்' என்று ஒரு பேர் விழுந்தால், அம்மா பெயர் எழுதிய பலகையை நானே கழற்ற வேண்டியதுதான்.

பெருநாள் நெருங்குகிறது, எல்லாவற்றையும் உரித்து மறுபடி தைக்கத் தையல்காரன் ஒருவனும் கிடைக்க மாட்டான். அதனால் சிவப்பு வெல்வெட் வாங்கி எல்லாவற்றுக்கும் உறை போட்டுவிடுகிறேன். பார்க்க இன்னும் ஜோராக இருக்கும். நிக்காஹ் முடியட்டும், அப்புறம் நிதானமாக மாற்றிக்கொள்ளலாம். தெரியாமல் உட்கார்ந்தால் யாருக்கு என்ன குற்றம்? உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

உன் கையெழுத்தும் அதில் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அதையும் நினைத்துக்கொள்.

புகழேந்தி

*

சத்துவாச்சாரி
21.3.2025

திரு. புகழேந்தி அவர்களுக்கு,

என்னை மிரட்டுகிறீர்களா? என் கையெழுத்தை எடுத்துக்கொண்டு போய் அக்கா வீட்டு வாசலில் ஒட்டுங்கள். நானே பசை தடவித் தருகிறேன்.

'உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.' இதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஹைதராபாத் கம்பெனி எனக்கு அனுப்பிய வேலை உத்தரவை நான்கு மாதம் பீரோவில் உங்கள் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தீர்கள். நான் தினமும் தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்களும் பக்கத்தில் நின்று, "இன்னும் வரலியா? கவர்ன்மெண்ட் தபால்தானே, லேட்டாத்தான் வரும்" என்றீர்கள். கண்டுபிடித்துக் கேட்டபோது, "சொன்னா நீ போய்ட்டிருப்ப" என்றீர்கள். வேலை போனதற்காக நான் வீட்டை விட்டு வரவில்லை. அந்த நான்கு மாதமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்களே, அதற்காக வந்தேன்.

வெல்வெட் போட்டு மூடினால் அடியில் இருப்பது இல்லாமல் போகாது. அக்கா வீட்டுப் பெண்ணுக்கு இதைச் செய்ய விட மாட்டேன்.

நான் சொல்வது எளிது. ஆனால் உங்கள் வாயால் வர வேண்டும் என்று நினைக்கிறேன். பெருநாளுக்குள் நீங்களே தெருவைத் தாண்டிப் போய் அக்காவிடம் சொல்லுங்கள். தெரியாமல் நடந்துவிட்டது, மாற்றிவிடுகிறேன் என்று சொல்லுங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். வேலூரிலிருந்து துணி போட்ட நாற்காலி கொண்டுவருவது என் பொறுப்பு.

நீங்கள் சொல்லிவிட்டதாக எழுதும்வரை நான் மண்டபத்தில் கால் வைக்க மாட்டேன். மிச்ச வேலையை மேஸ்திரி பார்த்துக்கொள்வார். சொல்லிவிட்டீர்களானால், அன்றைக்கு உங்கள் நம்பரைத் திறந்துவிடுகிறேன். இதை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பூர்ணிமா

*

ஆம்பூர்
28.3.2025

அன்புள்ள பூர்ணிமாவுக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்று நோன்பு திறந்த பிறகு போனேன். அக்கா கஞ்சி கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "தெரியாமத்தானே செஞ்ச புகழ், மாத்திடு, போ" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்காலி தோலையெல்லாம் உரித்துப் போட்டு வேறு தைக்கக் கொடுத்துவிட்டேன். வேலூர் நாற்காலி தேவையில்லை.

நீ சொன்னதால்தான் செய்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் வாழ்க்கையில் இன்னும் எவ்வளவோ சரியாக நடந்திருக்கும் என்று இன்று காலை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெருநாள் முடிந்ததும் போன் செய்யட்டுமா?

உன் புகழ்

*

சத்துவாச்சாரி
1.4.2025

புகழேந்திக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. அன்று சாயங்காலமே நம்பரைத் திறந்துவிட்டேன். நீங்கள் கூப்பிடவில்லை, பெருநாள் முடியட்டும் என்று இருந்திருப்பீர்கள். நானே கூப்பிடலாமா என்று இரண்டு தடவை போனை எடுத்தேன். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நேற்று பெருநாள். அக்தரி அக்கா வீட்டுக்குப் போனேன். சேமியாப் பாயசம் கொடுத்தார். வஜீதா புது வளையல்களைக் காட்டினாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க மேல கோவம் இல்லையேக்கா?" என்றேன். "எதுக்கும்மா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது.

நீங்கள் போகவே இல்லை. கஞ்சி இல்லை, கண்ணீர் இல்லை, "மாத்திடு, போ" இல்லை. அவர் சொல்லாத வார்த்தையை அவர் குரலிலேயே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நானும் அதைப் படித்து அழுதேன்.

நிக்காஹ் ஏற்பாட்டுக்காக அக்காவிடம் கொடுத்துவைத்திருந்த சாவியை வாங்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். அறுபத்திரண்டு இருக்கைகளிலும் சிவப்பு வெல்வெட். ஒன்றின் உறையைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் அதே தோல். அடுத்ததைத் தூக்கிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து அக்காவிடம் நானே சொன்னேன். என் கையெழுத்தையும் சேர்த்துச் சொன்னேன். பெருநாளும் அதுவுமாக, தட்டைக் கீழே வைத்துவிட்டார். "முப்பது அடி தூரம்கூட இல்ல. வந்து சொல்லக் கூடாதா?" என்றார். அவ்வளவுதான்.

அவர் முடிவை எழுதுகிறேன். பத்திரிகை கொடுத்து முடிந்துவிட்டது, நிக்காஹ் அங்கேதான். ஒரு நாற்காலியும் மேலே இருக்கக் கூடாது. எல்லாரும் ஜமுக்காளம் விரித்துத் தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். ஊரில் யாரிடமும் காரணம் சொல்ல மாட்டார். ஆனால், "புகழ் அன்னைக்கு வாசல்ல நிக்க வேணாம்னு சொல்லிடும்மா. அவன் கையால என் வீட்டு ஆளுங்க மேல பன்னீர் விழ வேணாம்" என்றார். உங்கள் இடத்தில் என்னை நிற்கச் சொல்லியிருக்கிறார்.

நாளை வண்டி வரும். இருக்கைகளை ஏற்றி அனுப்புங்கள். உங்கள் நம்பரை மறுபடி மூடிவிட்டேன்.

பூர்ணிமா

*

ஆம்பூர்
15.4.2025

பூர்ணிமாவுக்கு,

திருப்தியா? ஜெயித்துவிட்டாய். இப்படித்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று பத்து நாளாக மனதில் எழுதிவைத்திருந்தேன். எழுதியாயிற்று. மேலே எழுத முடியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை நிஜமாகவே போனேன். வாசலிலேயே நின்றேன். "அக்கா, தோல் விஷயம் எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் மூடி வச்சேன்" என்றேன். "பூர்ணிமா சொல்லிடுச்சேப்பா. இப்ப நீ வந்து சொல்றதுல எனக்கு இன்னா இருக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மாவு பிசைந்துகொண்டே சொன்னார். திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்து, "இன்னா புகழ், உன் மண்டபத்துல கல்யாணம், நீ இங்க குந்திக்கினு கீற?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்கள். நீ வாசலில் நின்று பன்னீர் தெளித்தாய். ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

ஏன் பொய் எழுதினேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். அக்காவிடம் சொன்னால் மண்டபம் போய்விடும் என்று பயந்தேன். சொல்லிவிட்டேன் என்று உனக்கு எழுதினால் நீ வந்துவிடுவாய் என்று நினைத்தேன். எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை.

வேலை நன்றாக இருந்தது. ஒழுகவில்லை. பெண்கள் பக்கம் சுவர் இருந்தது நல்லதென்று எல்லாரும் சொன்னார்கள்.

புகழேந்தி

*

சத்துவாச்சாரி
19.4.2025

புகழேந்திக்கு,

கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். இதுவரை எழுதியதில் இதுதான் நல்ல கடிதம்.

படித்து முடித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? அக்தரி அக்காவுக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் நீங்கள் வந்தீர்களா, நிஜமாகவே மாவு பிசைந்துகொண்டிருந்தாரா என்று கேட்க. ஒரு தடவை மணி அடித்ததுமே போனை வைத்துவிட்டேன். அக்கா திருப்பிக் கூப்பிட்டார். வஜீதா ஊருக்குப் போனதையெல்லாம் சொன்னார். நான் கேட்கவில்லை.

நீங்கள் எழுதியது எல்லாமே உண்மையாக இருக்கலாம். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு கடிதத்துக்கும் நான் எதிர்வீட்டில் விசாரித்துவிட்டுத்தான் உங்களை நம்ப முடியும் என்றால், எனக்கு அதற்குத் தெம்பு இல்லை, புகழ்.

வக்கீல் நோட்டீஸ் அடுத்த வாரம் வரும். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

பூர்ணிமா